பதினோரு விநாடிப் பக்கம்

சத்தக்காரருடைய இணையதளத்தில் மொத்தம் இருநூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள் இருந்தன. எல்லாமே சலவை இயந்திரங்களைப் பற்றியவை. ஒரு பக்கத்துக்கு ஒரு கோளாறு. அவற்றில் பாதிக்கு மேல் சத்தங்கள். 'கடகடவென்று ஆடிக்கொண்டே சுவரை நோக்கி நடக்கிறது', 'கடைசிச் சுற்றில் விசில் அடிக்கிறது', 'உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் கேட்கிறது' என்ற மாதிரி. கம்பெனிக் கையேடுகளில் இதற்கெல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள் உண்டு. ஆனால் துணி பாதியில் நின்றுபோன வீட்டில் யாரும் கையேட்டைத் தேடுவதில்லை. காதில் விழுந்ததை அப்படியே தட்டித் தேடுகிறார்கள். இதைக் கவனித்தவர் அவர். தொலைபேசியில் ஆட்கள் சொன்ன சொற்களையே ஒரு நோட்டில் குறித்துவைத்துத் தலைப்பாக்கினார். ஊரில் மெக்கானிக் என்று கேட்டால் எந்த மெக்கானிக் என்று திருப்பிக் கேட்பார்கள். சத்தக்காரர் என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

இருநூற்றுப் பதினெட்டில் ஒரே ஒரு பக்கத்தின் மேல்தான் அவருக்குத் தனிக் கவனம். அது சத்தம் பற்றியதல்ல. 'தொட்டால் சுர்ரென்கிறது' என்பது தலைப்பு. கீழே ஆறு வரி:

இயந்திரத்தை இனித் தொடாதீர்கள்.
ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையை விட்டு நகருங்கள்.
சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள்.
பிறகுதான் ப்ளக்கைக் கழற்ற வேண்டும்.
ஒருவர் வந்து பார்க்கும்வரை திரும்ப மாட்டாதீர்கள்.
லேசாகத்தானே என்று விடாதீர்கள்.

இந்தப் பக்கத்தை எழுதியதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள். தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது, அவசரமில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்றார்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமையே போனார். வாசலில் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தோள்பையை இறக்காமலே திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, கை கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதிய ஆறு வரி அது. அதன் பிறகு அதில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை.

தேடகத்தில் அந்தப் பக்கம் ஆறு வருஷமாக முதல் இடத்தில் இருந்தது. தேடகம் யாரும் எதையும் தேடுகிற இடம். அதில் முதலாவதாக வருவதை எல்லாரும் படிப்பார்கள். பத்தாவதாக வருவதைப் பொறுமைசாலிகள் படிப்பார்கள். அதற்கும் கீழே இருப்பதை எழுதியவர் மட்டும் படிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வழக்கம்போல் அந்தத் தலைப்பைத் தட்டித் தேடிப் பார்த்தார். ஒன்பதாவது இடம். புதன்கிழமை எழுபத்து நான்கு. வியாழக்கிழமை மூன்று, நிம்மதியாகச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை எங்கேயுமே இல்லை.

"என்னங்க, காய்ச்சல் பாக்கிற மாதிரி நாலு தரம் பாக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"எறங்குது, ஏறுது. என்னன்னே புரியல."

"உங்க எடத்துல இப்ப யாரு இருக்கா?"

அவர் காட்டினார். 'சுர்ர் உணர்வும் நீங்களும்: ஒரு முழுமையான வழிகாட்டி' என்று ஒரு பக்கம். எழுதியவர் பெயர் இல்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'லேசான சுர்ர் உணர்வு பல இல்லங்களில் இயல்பே ஆகும். நல்ல ரப்பர் காலணி அணிந்து உங்கள் சலவையை மகிழ்ச்சியுடன் தொடருங்கள்.' அடப்பாவிங்களா! யாருங்க இவன்?"

"யாரும் இல்ல. மெஷினே எழுதினது போலிருக்கு."

"எந்த மெஷின்?"

"அதான் தெரியல."

அவள் திரையை இன்னும் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் உச்சியில் ஒரு படம்: இயந்திரத்தின் மூடிமேல் வைத்த இடது கை. கட்டைவிரல் நகம் பாதிதான் இருந்தது. மீதி, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெல்ட்டில் மாட்டிப் போனது. அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பிடித்திருந்த கணவரின் கையைப் பார்த்தாள்.

"இது உங்க கைங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

* * *

தேடகத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு 'தள உரிமையாளர் ஆறுதல் மையம்' உண்டு. மனைவியின் தம்பி விசாரித்துச் சொன்னான். கணினி வகுப்பு நடத்துகிறவன். தரவரிசை விஷயத்தில் குடும்பத்துக்கே அவன்தான் ஆலோசகர்.

"மாமா, அங்க போய்க் கோவப்படாதீங்க. கோவப்பட்டா அதையும் குறிச்சுக்குவாங்க."

மையம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. சாம்பல் நிறக் கம்பளம், சாம்பல் நிற நாற்காலிகள், காலடி ஓசை எழாத நடை. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சத்தக்காரருக்குப் பக்கத்தில் மீன்தொட்டி பராமரிப்புப் பற்றித் தளம் நடத்தும் ஒருவர் இருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்று அவர் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைலேர்ந்து."

"எனக்கு ரெண்டு வருஷம்" என்றார் மீன்தொட்டிக்காரர். "முன்னெல்லாம் நாளைக்கு ஆயிரம் பேர் வருவாங்க. இப்ப ஒருத்தர் வர்றார். தினமும் சரியா ஆறு மணிக்கு. யாருன்னு கண்டுபிடிச்சேன்."

"யாரு?"

"நான்தான்."

சத்தக்காரரின் டோக்கன் பதினான்கு. சுவரிலிருந்த பலகையில் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் பையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பலகை ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. அவர் பெயருக்கு நேராக அறுபத்து மூன்று என்று வந்தது. கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். அதில் இன்னும் பதினான்குதான் இருந்தது.

"இங்க வரிசையும் புதுப்பிப்புல இருக்கு" என்றார் மீன்தொட்டிக்காரர், குரலை உயர்த்தாமல். "நான் காலையில ரெண்டாவது ஆளா வந்தேன். உக்காருங்க. நிக்கறவங்களுக்கு இன்னும் எறக்கம்."

நாலு மணி நேரத்தில் அவர் தொண்ணூறுவரை போய், ஐந்துக்கு வந்து, ஒருமுறை பலகையை விட்டே காணாமல் போய், கடைசியில் உள்ளே அழைக்கப்பட்டார்.

ஆறுதல் அலுவலர் சின்ன வயதுப் பெண். கனிவான குரல். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்ததும் அதை அவர் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தினாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சார். நாங்க உங்களைத் தண்டிக்கல. மத்தவங்களைப் பாராட்டினோம். அந்தக் காத்துல நீங்க விழுந்துட்டீங்க."

"ஏம்மா விழுந்தேன்?"

"அது எங்களுக்குத் தெரியாது சார்."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா நீங்க கேப்பீங்க. கேட்டா நாங்க சொல்லணும். சொன்னா எல்லாரும் அதையே செய்வாங்க. அப்புறம் அதுல என்ன தரம் இருக்கும்? அதனால தெரிஞ்சுக்காம இருக்கிறதுக்குன்னே ஒரு பிரிவு வச்சிருக்கோம். முப்பது பேர். ரொம்ப நல்லா வேலை பாக்கிறாங்க."

அவர் அந்த ஆறு வரியைப் பற்றிச் சொன்னார். வாடகை நாற்காலிகளைப் பற்றியும் சொன்னார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துக்கு வர்றவங்க பதினோரு விநாடியில ஓடிடறாங்க சார்."

"ஓடணும்மா! சுவிட்சை அணைக்க ஓடறாங்க!"

"எங்க ஓடறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க பார்வையில, ஓடறாங்க. இப்ப முதல்ல இருக்கிற பக்கத்தைப் பாருங்க. சராசரியா ஒம்பது நிமிஷம் இருக்காங்க."

"அதுல விடையே இல்லையேம்மா. இருக்கான்னு தேடிட்டு இருக்காங்க."

"தேடறதுதானே சார் எங்க தொழில்" என்றாள் அவள், அன்போடு.

வெளியே வரும்போது கையில் ஓர் அறிவுரைத் தாளைக் கொடுத்தாள். அதில் ஒரே வரிதான் இருந்தது. 'மனிதர்களுக்காக எழுதுங்கள், அவர்களைப் போக விடாதீர்கள்.'

* * *

பக்கத்தை நீட்டும் வேலை அந்த வாரமே தொடங்கியது. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து தலைப்புகள் சொன்னான். சத்தக்காரர் எழுதினார். 'மின்சாரம் என்றால் என்ன?', 'தண்ணீரும் மனிதனும்', 'சலவையின் கதை'. ஆறு வரிக்கு முன்னால் நாலு பத்தி சேர்த்தபோது எங்குமே இல்லாதவர் முப்பத்தொன்றுக்கு வந்தார். பன்னிரண்டு பத்தி சேர்த்தபோது பதினெட்டு.

"இந்த ஆறு வரியை மேலேயே வச்சுட்டு, மத்ததைக் கீழ போட்டா என்னடா?"

"விடை மேல இருந்தா எவன் மாமா கீழ வருவான்? முதல்ல எடத்தைப் பிடிங்க. பிடிச்ச அப்புறம் மேல தூக்கி வச்சுக்கலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. அப்போது பட்டதா, அல்லது படவேண்டும் என்று அவர் விரும்பினாரா என்பதைப் பின்னால் அவர் பலமுறை யோசித்துப் பார்த்தார். 

பதினெட்டாம் இடத்துக்கு வந்த மறுநாள் பக்கம் அடியோடு மறைந்தது. அவரது மின்னஞ்சல் பெட்டியில் தேடகத்தின் தகவல் ஒன்று இருந்தது. 'உங்கள் பக்கம் ஏற்கெனவே உள்ள ஒரு பக்கத்தின் நகலாகக் கண்டறியப்பட்டுள்ளது.' எந்தப் பக்கத்தின் நகல் என்றும் போட்டிருந்தார்கள். சுர்ர் உணர்வும் நீங்களும்.

இந்தமுறை மையத்தில் அவரை அசல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அசல் அலுவலர் நடுவயதுக்காரர். பூதக்கண்ணாடி வைத்திருந்தார்.

"அந்தப் படத்துல இருக்கிறது என் கை சார்" என்று சத்தக்காரர் இடது கையை மேசைமேல் நீட்டினார்.

அலுவலர் கையைப் புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலைப் படத்தோடு ஒப்பிட்டார். பூதக்கண்ணாடியை வைத்து நகத்தின் ஓரத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். வேலையில் சுத்தமான மனுஷர் என்று சத்தக்காரருக்கு அவர்மேல் மதிப்புக்கூட வந்தது.

"ஒத்துப்போகுது" என்றார் அலுவலர்.

"அப்பாடா."

"அதான் பிரச்சினை. அந்தக் கை எங்க பதிவுல பதினொண்ணாம் தேதியே வந்திருக்கு. உங்க கையை நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன். எது முன்னால வந்துச்சோ அதுதான் அசல்."

"சார், எனக்கு இந்தக் கை நாப்பத்தாறு வருஷமா இருக்கு!"

"இருக்கலாம். நாங்க பாத்த தேதிதான் கணக்கு. நீங்க யாருடைய கையைப் பாத்துப் பண்ணினதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, நகல்ங்கிற வகையில உங்களைப் பட்டியல்ல சேத்துக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்க. நிம்மதியா இருக்காங்க."

அவர் எழுதிக்கொடுத்தார். எழுதிக்கொடுக்காமல் என்ன செய்வது? பக்கம் மறைந்திருந்த ஒவ்வொரு நாளும் எங்கோ ஒருவர் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரத் தரையில் நின்றுகொண்டிருந்தார். தன் இடது கை தனதல்ல, வேறொரு பக்கத்தின் கையைப் பார்த்து அமைந்தது என்று கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தின் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரோ ஒருவருடைய கை தன் தோளிலிருந்து தொங்குவதுபோல இருந்தது. அன்றைக்குப் பிறகு, இடது கைப் பழக்கமுள்ள அவர் வலது கையாலேயே சாவியைத் திருப்பினார்.

அடுத்த மாதம் தேடகத்தின் விதிகளில் 'அனுபவம்' என்று ஒரு புதுப்பிப்பு வந்தது. எழுதியவர் மனிதர்தானா, வாழ்ந்தவர்தானா என்று பக்கத்தில் தெரிய வேண்டுமாம். சத்தக்காரர் தன் பிறப்பிலிருந்து தொடங்கினார். முதல் வேலை, முதல் முதலாளி, கல்யாணத்தன்று மணவறைக்கு வந்துகொண்டிருந்தபோது வாடிக்கையாளர் அழைத்தது, எல்லாம் எழுதினார். மனைவி ஒருநாள் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, தலைப்புக்கும் விடைக்கும் நடுவுல நான் ரெண்டு தடவ சமைச்சு முடிச்சிடுவேன்."

"கடைசியில இருக்கு பாரு. நாப்பத்து மூணாவது பத்தி."

"அதுக்குள்ள தொட்டவ என்ன ஆவா?"

அவர் கைபேசியை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மறுநாள் பக்கம் முதல் இடத்துக்கு வந்தது.

முதல் இடத்துக்கு வந்த அன்றே அவர் ஆறு வரியைத் தூக்கி உச்சியில் வைத்தார். அரை மணியில் அறுபதாம் இடத்துக்குப் போனார். அதைப் பழையபடி அடியில் போட்டார். மெதுவாக ஏறி இரண்டு நாளில் திரும்ப முதலிடம் வந்தது. இன்னொரு முறை முயற்சி செய்யவில்லை. அடியிலாவது இருக்கிறதே, மற்றவனுடைய பக்கத்தில் அதுவும் இல்லையே என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஒரு நாளைக்கு எட்டு அல்லது ஒன்பது முறை சொல்லிக்கொண்டார். அவருடைய தொலைபேசி எண்ணும் ஆறு வரிக்குக் கீழேதான் இருந்தது. முதலிடத்தில் இருந்த அந்த நாட்களில் ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மணி அடித்ததுபோல அடிக்கடி திரும்பிப் பார்ப்பார்.

* * *

மையத்தில் 'மீண்டெழுந்தோர் விழா' நடத்தினார்கள். மூன்றாம் மாடிக் கூடத்தில் சாம்பல் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு மேடை அமைத்திருந்தார்கள். மீன்தொட்டிக்காரர் கடைசி வரிசையில் இருந்தார், அவர் பார்வையாளர். மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய திரை. சத்தக்காரரை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். மனைவியும் மச்சானும் முன்வரிசையில்.

மையத்தின் இயக்குநர் பேசினார். உயரமானவர், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் கைதட்டலுக்கு இடம்விட்டுப் பேசும் பழக்கம் உள்ளவர்.

"நண்பர்களே! ஒரு காலத்தில் மக்கள் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். விடை கிடைத்ததும் எழுந்து போய்விட்டார்கள். எவ்வளவு நன்றியற்ற காலம் அது! இன்று அவர்கள் வருகிறார்கள், இருக்கிறார்கள். விடையை யாரும் கொடுத்துவிடலாம். காத்திருப்பைக் கொடுப்பதற்கு ஒரு பெரிய நிறுவனம் வேண்டும். இதோ, நம் சத்தக்காரர். பதினோரு விநாடியில் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்த மனிதர். இன்று அவருடைய பக்கம் எப்படி இருக்கிறது? நேரடியாகவே பாருங்கள்."

திரையில் அவருடைய பக்கம் வந்தது. ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் கீழே எழுத்து: வருகையாளர் 1. இருப்பு 41 நிமிடம். நிற்கும் இடம், பத்தி 7.

கூடம் கைதட்டியது.

"நாற்பத்தொரு நிமிடம்!" என்றார் இயக்குநர். "ஏழாம் பத்தியில் 'தண்ணீரும் மனிதனும்'. அங்கேயே நிற்கிறார். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. விரல்கூட அசையவில்லை. இதைத்தான் நாங்கள் முழு ஈடுபாடு என்கிறோம்!"

சத்தக்காரர் திரும்பித் திரையைப் பார்த்தார். சால்வை தோளிலிருந்து நழுவியது.

"ஏன் அசையல?" என்றார்.

இயக்குநர் சிரித்தார். "உங்கள் எழுத்தின் சக்தி."

"சார், அது தொட்டா சுர்ருன்னுதுன்னு தேடி வர்ற பக்கம். வந்தவங்க ஏன் ஒரே எடத்துல நிக்கறாங்க? யாரு அவங்க? நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

"தனியுரிமை" என்றார் இயக்குநர், ஒலிவாங்கியைக் கையால் பொத்தி. "அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன வாங்கப் பார்த்தார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். யாரென்று சொல்வது மட்டும் எங்கள் கொள்கைக்கு ஒவ்வாது."

"என்ன வாங்கப் பாத்தாங்க?"

இயக்குநர் மேசையிலிருந்த சிறிய திரையைப் பார்த்தார். "ரப்பர் செருப்பு."

திரையில் நாற்பத்திரண்டு என்று மாறியது. கூடம் மறுபடியும் கைதட்டியது.

"சார், அவங்க உயிரோட இருக்காங்களா?"

"அந்த அளவீடு எங்களிடம் இல்லை" என்றார் இயக்குநர். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று குறித்தும்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு ஒலிவாங்கியில், "நமது நண்பர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்!" என்றார்.

சத்தக்காரர் திரைக்கு முன்னால் போய் நின்றார். தன்னைவிட இரண்டு மடங்கு உயரமாக நின்ற தன் எழுத்துகளைப் பார்த்து, வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கையைக் குவித்துக் கத்தினார்.

"சுவிட்சை அணைங்க! கீழ படிக்காதீங்க! சுவிட்சை அணைங்க!"

பச்சைப் புள்ளி நாற்பத்து மூன்று நிமிடத்தைக் காட்டியது. ஆறுதல் அலுவலர் மேடைக்கு ஓடி வந்தாள். கையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி இருந்தது.

* * *

வீட்டுக்கு வந்தவுடன் அவர் பக்கத்தைத் திறந்து நாற்பத்திரண்டு பத்திகளையும் அழித்தார். பிறப்பு, முதல் முதலாளி, மணவறை எல்லாம் போயின. ஆறு வரி மட்டும் நின்றது. தேடகம் தள உரிமையாளர்களுக்குக் காட்டும் கணக்கில் பச்சைப் புள்ளி அப்படியே இருந்தது.

"அவங்க கையில பழசுதான் திறந்திருக்கும் மாமா" என்றான் மச்சான். "அவங்களா திரும்பத் திறந்தாத்தான் புதுசு தெரியும்."

"ஃபோனை அப்படியே வச்சுட்டு வெளிய போயிருப்பாங்கங்க" என்றாள் மனைவி. "நான்கூட அப்படி வச்சுட்டுப் போவேன்ல?"

"இருக்கலாம்" என்றார்.

மறுநாள் தேடகத்திலிருந்து தகவல் வந்தது. 'உங்கள் பக்கத்தின் புதிய வடிவில் உள்ள ஆறு வரிகளும் உங்கள் பழைய வடிவில் ஏற்கெனவே உள்ளதால், அது நகலாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்பட்டது. பழைய வடிவத்தில் ஒரு வாசகர் இன்னும் ஈடுபட்டிருப்பதால், எமது சேமிப்பில் உள்ள அவ்வடிவமே முதல் இடத்தில் தொடர்ந்து காட்டப்படும். வாழ்த்துகள்.'

அவர் தளத்தையே மூடினார். இருநூற்றுப் பதினெட்டுப் பக்கங்களும் அணைந்தன. சேமிப்பில் இருந்த பக்கம் மட்டும் முதல் இடத்தில், நாற்பத்து மூன்று பத்திகளோடு, எரிந்துகொண்டிருந்தது. மையத்துக்குப் போனார். பலகையில் அவருடைய எண் இரண்டாயிரத்தைத் தாண்டி எங்கோ போனது. ஆறுதல் அலுவலர் நடைவழியில் அவரைப் பார்த்துவிட்டு, "முதல் இடத்துல இருக்கிறவங்களுக்கு ஆறுதல் கிடையாது சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பொறாமையோடு சொன்னாளோ என்னவோ.

ஒரு வாரம் போயிற்று. புள்ளி ஏழு நாள் என்று காட்டியது. பத்தி ஏழிலேயே நின்றது.

பிறகு அவர் ஆறு வரியையும் சின்னத் தாள்களில் அச்சடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். காலை எட்டு மணிக்குப் போனால் மதியம் திரும்புவார். சாப்பிட்டுவிட்டு மறுபடி போவார். நோட்டில் தெருக்களின் பட்டியல் போட்டு, முடித்த வீடுகளுக்கு நேரே கோடு கிழித்துக்கொண்டே வந்தார். மணியை அழுத்துவார், கதவு திறந்ததும், "மெஷினைத் தொட்டா சுர்ருன்னுதாங்க?" என்பார். சிலர் இல்லை என்றார்கள். சிலர் விற்க வந்தவர் என்று எண்ணிக் கதவைச் சாத்தினார்கள். ஓர் அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதை நம்பலாமா?" என்று கேட்டாள். தொட்டால் எதுவும் ஆகவில்லை என்று சொன்ன வீடுகளை விட்டு நகரும்போதெல்லாம், திறக்காமலே இருந்த கதவுகளைத்தான் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நோட்டில் அவற்றுக்கு நேரே கோடு கிழிக்க மனம் வரவில்லை.

பத்தொன்பதாம் நாள், பதினோராவது தெருவில், ஒரு வீட்டின் மணியை அழுத்தினார். நெடுநேரம் கழித்து ஒருவர் கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். இடது கையில் கைபேசி. வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மெஷினைத் தொட்டா சுர்ருன்னுதாங்க?"

"ஆமா, அதான் பாத்துட்டு இருக்கேன்" என்றார் அவர், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நிமிஷம் இருங்க. படிச்சுட்டு இருக்கேன். இன்னும் விடை வரல."

சத்தக்காரர் அனுமதி கேட்கவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். குளியலறைக்கு வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; அதன் முன்னால் தரையில் தண்ணீர். ஈரத்தில் கால் வைக்காமல் சுவரோரமாகவே போய்ச் சுவிட்சை அணைத்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ப்ளக்கைக் கழற்றினார். இயந்திரம் முனகிக்கொண்டே நின்றது. எல்லாம் சேர்த்துப் பதினோரு விநாடிகூட ஆகவில்லை.

"யோவ், யாருய்யா நீ?" அந்த ஆள் பின்னாலேயே ஓடி வந்தார். "யாரைக் கேட்டு உள்ள வந்த?"

"நீங்க படிக்கிறீங்களே, அதை எழுதினவன்."

அந்த ஆள் கைபேசியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கைபேசியைப் பார்த்தார். கல்யாணத்தன்று மணவறைக்குப் போகும் வழியில் அழைப்பு வந்த பத்தியில் இருந்தார் போலிருந்தது. அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல இறங்கியது. அந்த இடத்துக்கு வந்தது குழப்பம்.

"நெஜமா நீங்களா? இது ஒரு சுவிட்சை அணைக்கிற விஷயம்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இதை இவ்வளவு நீளமா எழுதினீங்க?"

 அந்த ஆள் மரியாதையோடுதான் கேட்டார். பதிலுக்குக் காத்துக்கொண்டும் நின்றார். சத்தக்காரர் வாயைத் திறந்தார். மையத்தைப் பற்றிச் சொல்லலாம், மச்சானைப் பற்றிச் சொல்லலாம், முதல் இடத்தைப் பற்றிச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதுவும் நீளமாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஒரு தாளை எடுத்து இயந்திரத்தின் மூடிமேல் வைத்தார். வெளியே வந்து, நோட்டில் அந்த வீட்டுக்கு நேரே கோடு கிழித்தார். கைபேசியில் பக்கத்தின் கணக்கைப் பார்த்தார். வருகையாளர் 2 என்று இருந்தது. அவர் பார்க்கும்போதே 1 ஆனது. அந்த ஒன்று இன்னும் ஏழாம் பத்தியிலேயே இருந்தது. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டு மணியை அழுத்தினார். உள்ளிருந்து யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார்.